பயந்துகிட்டே தொடு

"ஆலயத்தின் ஒலி அமைப்பைக் கமிட்டி நியமித்த பொறுப்பாளர் தவிர வேறு எவரும் தொடலாகாது. மீறுபவர் பாடகர் குழுவிலோ பிற ஊழியத்திலோ இருந்தால் அதிலிருந்து நீக்கப்படலாம். நீக்கப்பட்டவர் தலைமை அலுவலகத்துக்கு முறையிடலாம். முறையீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தரப்படும். பதில் வந்து சேரும்வரை நீக்கம் நிறுத்திவைக்கப்படும்."

கடலூரில் எங்கள் சபையின் விதிப்புத்தகத்தில் இப்படி இருக்கிறது. எழுதியவன் நான். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றதால், விதி எழுதும் வேலையை என்னிடம் தள்ளியிருந்தார்கள். கடைசி மூன்று வாக்கியங்கள் எதற்கு என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். முறையீட்டுக்கு வழியில்லாத தண்டனை எந்த மேசையிலும் நிற்காது என்றேன். விவாதிப்பதைவிடச் சேர்த்துவிடுவது எளிது என்பதால் சேர்த்துவிட்டார்கள். கமிட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிவெடுக்கின்றன.

அந்த விதி முழுதாகப் பயன்பட்டது ஒரே ஒரு பெண்மணிக்கு. அவருக்கு வீடு கடலூரில். சிதம்பரத்தில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில், சிவப்பில் எல் என்று எழுதிய சின்ன வெள்ளைக் கார் குறுக்கே நின்றால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். மற்றவர்களுக்கு வண்டி நிறுத்தச் சொல்லிக்கொடுப்பவர் தம் வண்டியை ஒருநாளும் நேராக நிறுத்தியதில்லை. கேட்டால், "நான் பாஸ் பண்ணிட்டேன் சார்" என்பார்.

பட்டுப்புடவைக்குக் கீழே விளையாட்டு வீரர்கள் போடும் காலணி அணிவார். பாடகர் குழுவில் பெண்களுக்கான கீழ்க்குரல் பாடுவார். குரல் அடக்கமானது என்று சொல்ல முடியாது. நிற்கும்போதும் உட்காரும்போதும் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக் கட்டிக்கொள்வார். அது தொழில் பழக்கம். மாணவர் வண்டி ஓட்டும்போது ஆசிரியரின் கை சும்மா இருந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாயும். அதனால் கையை அவரே கைது செய்து வைத்திருந்தார்.

என் மனைவிக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஐம்பது வயதுக்கு மேல் உனக்கு எதற்கு இது என்று நான் கேட்டதும், அவள் உடனே பணம் கட்டிவிட்டாள். முதல் நாள் துணைக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, இன்னிக்கு ஒரே வேலைதான். வண்டிய அணைச்சுக் காட்டுங்க."

"ஓட்டக் கத்துக்க வந்தா அணைக்கச் சொல்றீங்களே?"

"கிளட்ச்ச படக்குன்னு விடுங்க. குலுங்கி நிக்கும். எல்லாரும் அதுக்குத்தான் பயப்படுறாங்க. மொதல்ல அதப் பண்ணிடுங்க. அப்புறம் பயப்பட என்னா இருக்கு?"

என் மனைவி அணைத்தாள். திரும்பத் திரும்ப அணைத்தாள். பின்னால் நின்ற பேருந்து ஒலி எழுப்பியது. "அவன் ஹாரன அவன் அடிக்கிறான், நம்ம வேலைய நாம பாப்போம்" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கால் தன்னால் முன் இருக்கையை அழுத்தியது.

"சார், பின் சீட்டுல பிரேக் கெடையாது. கால எடுங்க."

என் மனைவி கொஞ்சநாளில் தனியாகவே சிதம்பரம்வரை ஓட்டினாள். இன்றும் ஓட்டுகிறாள். நான் பின் இருக்கையில் உட்காருவதில்லை, பேருந்தில் போகிறேன்.

எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும் என்று எழுதினால் அது பொய். அவர் யாரையும் தேற்றமாட்டார். சிதம்பரம் புறவழிச்சாலையில் ஒரு பேராசிரியர் ஸ்டியரிங் மேல் தலைவைத்து அழுதபோது, இறங்கிப்போய் ஓர் இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே நின்றாராம். "அழுது முடிச்சதும் சொல்லுங்க சார், கிளம்பலாம்." என் மனைவி ரிவர்ஸில் எங்கள் மதில்மேல் இடித்தபோது அவர் சொன்னது, "சுவத்துக்கு ஒண்ணும் ஆவல." நன்றாக ஓட்டினால் பாராட்டமாட்டார். "பயமா இருக்குது" என்று யார் சொன்னாலும் ஒரே பதில்தான்: "பயந்துகிட்டே தொடு." பயம் போகட்டும், பிறகு தொடலாம் என்று காத்திருப்பவர்களை அவரால் சகித்துக்கொள்ளவே முடியாது.

எங்கள் ஆலயத்தில் அப்படிக் காத்திருந்தவர்கள் பாடகர் குழு முழுவதும்.

ஒலி அமைப்பு, பக்கவாட்டில் ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. முன்னால் கண்ணாடிக் கதவு, பூட்டு, "தொடாதே" என்ற அறிவிப்பு. உள்ளே வரிசை வரிசையாகக் குமிழ்களும் மேலும் கீழும் தள்ளும் ஸ்லைடர்களும் கொண்ட மிக்சர். பொறுப்பாளர் தேவசகாயம். என் தூரத்து உறவு. மாமா என்று கூப்பிடுவான். நல்லவன், கடன் வாங்கியாவது உதவி செய்பவன். ஆனால் அந்தச் சாவியை மட்டும் அரைஞாண்கயிற்றில் கட்டாத குறையாக வைத்திருந்தான். ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கிய நேரத்தில் மைக் ஓவென்று கூவிவிட்டது. எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினான். பூட்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஞாயிறுதோறும் நடப்பது இதுதான். பெண்கள் மைக்குக்குப் பயந்து ஓரடி தள்ளி நிற்பார்கள். குரல் கேட்கவில்லை என்று தேவசகாயம் ஏற்றுவான். ஏற்றியதும் கூவும். கூவியதும் பெண்கள் இன்னும் ஓரடி பின்வாங்குவார்கள். அவன் இன்னும் ஏற்றுவான். யாராவது ஒருத்தி பதறிப்போய் மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்துவாள்; கூவல் இரட்டிப்பாகும். கடைசியில் அவன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறக்கிவிடுவான். அதில் முழுக்க இறங்கிப்போவது பெரும்பாலும் எஸ்தரின் கீபோர்டு.

எஸ்தர் பக்கத்துக் குடிகாடு கிராமத்துப் பெண். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். வெளியில் அதிர்ந்து பேசமாட்டாள். அவளே மெட்டமைத்த பாடலை ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசித்தாள். நடுவில் கூவல் வந்தது, நின்றது, பாட்டு தொடர்ந்தது. தன் வாசிப்பு எங்கோ குறைகிறதே என்று சந்தேகம் வந்து, கட்டைகளிலிருந்து விரல்களைத் தூக்கிப் பார்த்தாள். ஆலயத்தில் கேட்ட சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. பாட்டு முடியும்வரை மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை.

ஆராதனை முடிந்து, இனி வாசிக்க வரமாட்டேன் என்றாள். என் வாசிப்பால்தான் எப்போதும் கூவுகிறது, நான் வாசிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்றாள். பெண்கள் சமாதானம் சொன்னார்கள். கார் சொல்லிக்கொடுக்கும் நம்மவர் மட்டும் சொல்லவில்லை.

"நிறுத்தறதுன்னா நிறுத்து. யாரு வேணாம்னா? ஆனா நீ வாசிக்கிறத நீயே இதுவரைக்கும் கேட்டதில்ல. ஈஸ்டருக்கு ஒருவாட்டி ஊருக்கே கேக்கறாப்ல வாசி. கேட்டுட்டு நிறுத்து."

"அந்தப் பெட்டிய எப்படிக்கா..."

"அதுக்குள்ள பாம்பா இருக்குது?"

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால், தேவசகாயம் அலமாரியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது அலமாரி முன்னால் பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். நம்மவர் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எஸ்தரின் விரல் ஒரு மைக்கின் ஸ்லைடர்மேல் இருந்தது.

"ஏத்து."

"கூவும்க்கா."

"அதுக்குத்தான் சொல்றேன். கூவ வை."

கூவியது. வாசலில் காலணி கழற்றிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். மணிக்கூண்டுப் புறாக்கள் கலைந்தன. எஸ்தர் கையை எடுக்கப் பார்த்தாள்.

"எடுக்காத. நல்லா கேட்டுக்க. இதான் அது. இதவிடப் பெருசா ஒண்ணும் நடக்காது. இப்ப எறக்கு."

இறக்கினாள். நின்றது. எஸ்தர் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் தேவசகாயம் டீ டம்ளரோடு ஓடிவந்துவிட்டான்.

கமிட்டி கூடியது. நான் உறுப்பினர் இல்லை. விதியைப் படித்துக்காட்டக் கூப்பிடப்பட்டவன். ஆயர் சண்டை பிடிக்காதவர். எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்ற முகத்தோடு விசாரித்தார்.

"ஏம்மா, ஆலயத்துக்குள்ள அவ்ளோ பெரிய சத்தம் வந்துதா இல்லியா?"

"வந்துச்சு ஐயா. வாராவாரம் வருது. அன்னிக்கு நாங்களா வரவச்சோம். அவ்ளோதான் வித்தியாசம்."

"பாத்தீங்களா மாமா, ஒத்துக்குறாங்க!" என்றான் தேவசகாயம்.

"ஒத்துக்காம என்ன தம்பி? நீங்க பூட்டு போடுறீங்களே, திருடனுக்கா? உங்களுக்கே அதத் தொடறதுன்னா உதறல். நீங்க பயந்தா பரவால்ல. பூட்டு போட்டு எங்களையும் சேத்து ஏன் பயமுறுத்தறீங்க?"

"மெஷினு வீணாப் போனா யாரு பதில் சொல்றது?"

"என் வண்டிய ஊருல பாதி பேரு இடிச்சிருக்கான். இன்னிக்கும் ஓடுது. பூட்டி வெச்ச வண்டிதான் தம்பி வீணாப் போவும்."

மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று ஆயர் சொல்லிப் பார்த்தார். என்ன தப்புக்கு என்று சொன்னால் யோசிக்கிறேன் என்றார் இவர். தொடவைத்தவர் அவர்தான் என்று, பாடகர் குழுவிலிருந்து அவருக்கு மட்டும் நீக்கம் என்று முடிவானது. எழுதிக்கொண்டிருந்த செயலாளரிடம், முறையீடு பற்றிய வாக்கியத்தையும் சேர்த்து எழுதும்படி சொன்னேன்.

"மாமா, நீங்க யாரு பக்கம்?"

"விதி பக்கம். முறையிட்டா, பதில் வர்ற வரைக்கும் அவங்க கொயர்ல இருப்பாங்க."

தேவசகாயம் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. முறையீட்டை நானே எழுதிக்கொடுத்தேன். அதில் எந்த விதிமீறலும் இல்லை, படித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு எங்கள் சபையில் ஒரு விசித்திரமான காலம் தொடங்கியது. மனு போட்டவர்கள் பதில் வரவேண்டும் என்று வேண்டுவதைத்தான் நான் வாழ்நாள் முழுதும் பார்த்திருக்கிறேன். இங்கே பெண்கள், பதில் வரவே கூடாது என்று வேண்டினார்கள். ஞாயிறு காலையில் என்னைப் பார்த்ததும், "சார், பதில் வந்துச்சா?"

"வரல."

"தோத்திரம்!"

குறித்த மாதம் முடிந்தது. இப்போது என்ன செய்வது என்று ஆயர் கேட்டார். ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் என்ன என்று விதியில் இல்லை, ஐயா, என்றேன். எழுதியவனுக்குத் தெரியாதா?

நம்மவருக்கு விதி வேறு மாதிரிப் புரிந்திருந்தது. "நோ என்ட்ரி போர்டு வைக்கிற வரைக்கும் அது ரோடுதான் சார்."

சனிக்கிழமை மதியம் பாடகர் குழுப் பெண்கள் பேருந்து ஏறிச் சிதம்பரம் போகத் தொடங்கினார்கள். பயிற்சிப் பள்ளியில், சாலைப் பாதுகாப்பு ஊர்வலத்துக்காக வாங்கிப்போட்ட சின்ன மிக்சரும் மைக்குகளும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தன. ஆலய வளாகத்துக்கு வெளியே இருக்கும் மிக்சருக்கு எங்கள் விதி செல்லாது. அதையும் பார்த்துச் சொன்னவன் நான்தான். ஒருநாள் என் மனைவி எஸ்தரையும் கீபோர்டையும் காரில் ஏற்றிப் போனபோது, பேருந்து கிடைக்காத காரணத்தால் நானும் போனேன்.

சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள். மேசைமேல் உள்பாகம் தெரிய அறுத்து வைத்த எஞ்சின் ஒன்று, பக்கத்தில் மிக்சர். இவருக்கு ஒலி பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்தது கார். அதை வைத்தே பாடம் நடந்தது.

"மேல இருக்கிற குமிழு கியரு. கீழ தள்றது ஆக்சிலேட்டரு. கியர தப்பா போட்டுட்டு ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி கத்தத்தான் கத்தும். மைக்குகிட்ட வாங்கடி, வாய வெச்சுப் பாடுங்க. கிட்ட வந்தா கியர எறக்கிக்கலாம். அது உங்க புருஷன் இல்ல, தள்ளி நிக்கறதுக்கு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொருத்தியும் தன் மைக்கைக் கூவ வைக்க வேண்டும்; எங்கே கூவத் தொடங்குகிறது என்று பார்த்து அதற்குக் கீழே நிறுத்த வேண்டும். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். "கண்ணத் தொறந்து பண்ணு. ரோட்டுலயும் இப்டித்தான் போவியா?"

எஸ்தரின் முறை வந்தது. கீபோர்டின் ஒயரை மிக்சரில் செருகினார்கள். மற்ற மைக்குகளை இறக்கியிருந்தார்கள். அவள் ஒரு கட்டையை அழுத்தியபடி ஸ்லைடரை ஏற்றினாள். சத்தம் பெரிதானது. கூவவில்லை. இன்னும் ஏற்றினாள். கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கூவவில்லை. குமிழையும் முழுக்கத் திருகினாள். கரகரத்ததே தவிர, கூவல் வரவில்லை.

"கூவ மாட்டேங்குதுக்கா."

"இன்னும் ஏத்து."

"இதுக்கு மேல எடமில்லக்கா."

நம்மவர் முதல்முறையாகக் கட்டிய கைகளை அவிழ்த்தார். ஒயரை எடுத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிக்கொண்டே போனார். "மைக்கு, ஸ்பீக்கர்ல வர்றதத் திரும்ப வாங்குது. அதனால கத்துது. இதுக்குக் காதே இல்லியே. நேரா ஒயர்ல போவுது. இது எப்படிடி கத்தும்?" அவருக்கும் அது அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. மறைக்கவும் இல்லை. "அட, எனக்கே தெரியாமப் போச்சே!"

எஸ்தர் ஸ்லைடரை இறக்காமல் நின்றாள். கட்டைமேல் விரல் அப்படியே இருந்தது. ஒரே சுரம் அறை முழுக்க இரைந்துகொண்டிருந்தது. "அப்ப இத்தன வருஷமா என்னால இல்ல" என்றாள். அந்த இரைச்சலில் அவள் உதடு அசைவதைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அழுதாள். இவர் வெளியே போய்விட்டார். என் மனைவி பின்னாலேயே போய்ப் பார்த்தாள். இளநீர்க் கடையில் நின்றாராம். குடிக்கவில்லை, காயை வெறுமனே கையில் வைத்திருந்தார் என்றாள்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை. ஆலயம் நிரம்பி வாசல்வரை கூட்டம். பெண்கள் மைக்கை ஒட்டி நின்று பாடினார்கள். தேவசகாயத்தை ஏற்றவும் விடவில்லை. "அண்ணே, கிட்ட வந்துட்டோம், குமிழக் கொறைங்க" என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அவனும் குறைத்தான், நம்பிக்கை இல்லாமல். ஆயரின் பிரசங்கம் முடிந்தது. அவருக்கு மெல்லிய குரல் என்பதால் பிரசங்க மேடை மைக்கை நன்றாக ஏற்றியிருந்தான். ஏற்றியது ஏற்றியபடியே இருந்தது. எஸ்தர் தன் மெட்டைத் தொடங்கினாள். இரண்டு வரிகூடப் போயிருக்காது, கூவியது.

நூற்றுக்கணக்கான கைகள் காதுக்குப் போயின. தேவசகாயத்தின் கை, பழக்கப்படி, கீபோர்டின் ஸ்லைடருக்குப் போனது.

எஸ்தர் எழுந்துவிட்டாள். ஆராதனை நடுவில், எல்லார் கண்ணும் பார்க்க, வெறுங்காலோடு நடுப்பாதையைக் கடந்து அலமாரிக்குப் போனாள்.

"அண்ணே, அது இல்ல. கைய எடுங்க."

"இரும்மா, நான் பாக்குறேன்..."

"இது." அவள் பிரசங்க மைக்கின் ஸ்லைடரைத் தொட்டாள்.

"ஏய், அது ஐயா மைக்கு!"

"ஐயாதுதாண்ணே கத்துது."

பயத்தில் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. இறக்கினாள். கூவல் நின்றது. ஆயர் தன் மைக்கைப் பார்த்தார், பிறகு எஸ்தரைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். அவள் திரும்பி நடந்துவந்து முதலிலிருந்து தொடங்கினாள்.

நான் பாடகர் குழுப் பக்கம் பார்த்தேன். எல்லாத் தலையும் எஸ்தர் பக்கம் திரும்பியிருந்தது. ஒருவர் மட்டும் நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எதிரே சாலை இருப்பதுபோல.

கீபோர்டு கேட்டது. வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. இரண்டாவது அடியில் ஒரு சுரம் தவறியது. அதுவும் கேட்டது.

வெளியே வந்ததும் எஸ்தர் ஓடிவந்தாள். "அக்கா, ரெண்டாவது அடியில தப்பு பண்ணிட்டேன்."

"கேட்டுச்சு."

"ரொம்பத் தெரிஞ்சுதா?"

"ம். நிறுத்தறியா?"

"இல்லக்கா."

"அப்ப சனிக்கெழம வா. அந்த எடத்தச் சரி பண்ணு." அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டார். போகும்போது யாருடைய ஸ்கூட்டரையோ லேசாக உரசினார்.

பதிவுத் தபாலில் பதில் வந்தது. சபை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கி, நானே அவரிடம் கொண்டுபோனேன். கமிட்டியின் முடிவு சரியே. நீக்கம் உறுதி செய்யப்படுகிறது. இந்த உத்தரவு கிடைத்த நாளிலிருந்து அமலுக்கு வரும். நின்றபடியே படித்தார்.

"இதுல எஸ்தர் பேரு இருக்குதா சார்?"

"இல்ல."

"மத்தப் பொண்ணுங்க பேரு?"

"யாரு பேரும் இல்ல. உங்க பேரு மட்டும்தான்."

"அப்ப சரி." மடித்துக் காரின் பெட்டியில் போட்டார். அதற்குப் பிறகு பாடகர் குழுவில் உட்காரவில்லை. சபையாரோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மைக் இல்லாமலே, முன்னைவிடச் சத்தமாகக் கீழ்க்குரல் பாடினார். அதைத் தடுக்க விதி உண்டா என்று தேவசகாயம் கேட்டான். தேடிப் பார்த்தேன், இல்லை. புதிதாக எழுதித் தரவும் மறுத்துவிட்டேன். சனிக்கிழமை வகுப்பு தொடர்ந்து நடந்தது. சில வருடங்கள் கழித்து அவர் மகளோடு வேறு ஊருக்குப் போகும்வரை நடந்தது.

உத்தரவு கிடைத்த நாளை ஒப்புகைச் சீட்டில் நான்தான் எழுத வேண்டியிருந்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ தேதிகள் எழுதியிருக்கிறேன்; எதையும் இவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. ஈஸ்டர் அன்று அவர் நீக்கப்பட்டவராகப் பாடினார் என்று யாரும் பிற்பாடு படித்துவிடக் கூடாது என்று எழுத்திலேயே எழுதினேன்: ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை.